மூணு ராத்திரி பேக்கேஜ்: எடைக்குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட காங்கேயத்துக்காரியோட ரிவ்யூ

தீர்ப்பை முதல்லயே சொல்லிடறனுங்க. ஆபரேஷனுக்கு அஞ்சுக்கு அஞ்சு. வார்டு நர்ஸுகளுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, இன்னொண்ணு போட எடம் இருந்தா அதையும் போடுவேன். என்ன திங்கோணும்னு எழுதித் தர்ற சாப்பாட்டுச் சீட்டுக்கு மூணு. பில் கவுண்டருக்கு ஒண்ணு, அதுவும் கடைசியில கணக்கைத் திருத்திக் குடுத்ததுக்காக.

கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பேரு போடமாட்டனுங்க. நல்லதா எழுதுனா காசு வாங்கிட்டாம்பாங்க, கொறை சொன்னா வக்கீல் நோட்டீஸ் வரும். காங்கேயத்துல கொப்பரைக் களம் வெச்சிருக்கற எனக்கு அந்த அலைச்சலுக்கெல்லாம் நேரமில்லை.

எனக்கு 46 வயசு. ஆபரேஷனுக்கு முன்னாடி 112 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 46. சர்க்கரை இருக்குது, முழங்கால் தேஞ்சிருக்குது, ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றதால, மாஸ்க் வழியாக் காத்தை அழுத்தி உடற சிபாப் மெஷின் போட்டுத்தான் படுக்கறேன். பண்ணிக்கிட்டது ஸ்லீவ். இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை ஒடுக்கமான குழாயாட்டம் விட்டுடறாங்க. வயித்துல சின்னச் சின்னதா அஞ்சு ஓட்டை, அவ்வளவுதான்.

வூட்டுல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில படுக்கோணும்ங்கறது. களத்துல கொப்பரை காயற நேரம், ஆள் வேலை பார்க்கோணும், கட்டுத்தரையில மாடு வேற. இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் எங்க அத்தை. அவங்களுக்கு அந்தக் காலத்துல வயித்தைக் கிழிச்சுப் பித்தப்பைக் கல்லு எடுத்தாங்க, பத்து நாளைக்கு மேல படுத்திருந்தாங்க. “ஏங்கண்ணு, வயித்தையே வெட்டறாங்க, மூணு நாள்ல தொரத்தி உடறாங்களா?” அப்படின்னு அவங்களுக்கு ஒரே வெசனம். 2024-ல சென்னைப் பக்கம் இதே மாதிரி ஆபரேஷனுக்குப் போன பையன் ஒருத்தன் செத்துப்போன செய்தியை டிவியில பார்த்திருந்தாங்க. அதுக்கப்புறம் அவங்களைச் சமாதானப்படுத்த என்ற வூட்டுக்காரரால முடியலை.

டாக்டர் சொன்னது இப்படி. ஸ்லீவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு ராத்திரி, குடலை மாத்தி இணைக்கிற பைபாஸுக்கு ரெண்டு மூணு ராத்திரி, பொதுவா இவ்வளவு போதும். வெளிநாட்டுல மறுநாளே அனுப்பறது சகஜம், அன்னைக்கே அனுப்பற எடமும் இருக்குதாம். அத்தை படுத்திருந்த பத்து நாளுங்கறது பெரிய தையலுக்கு. ஓட்டை போட்டுப் பண்றதுக்கு அந்தக் கணக்கு சேராது.

ஆனா இந்த ‘மூணு ராத்திரி பேக்கேஜ்’ங்கறதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. முதல் ராத்திரிங்கறது ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி. பொழுதோட போய் அட்மிட் ஆகி, ரத்தம் எடுத்து, ஈசிஜி பார்த்து, மயக்க டாக்டர் வந்து கேள்வி கேட்டு, வெறும் வயித்துல படுக்கறதுக்கு ஒரு ராத்திரி போயிடுது. ஆக ஆபரேஷனுக்கப்புறம் ரெண்டே ராத்திரி. இதை அவங்களா சொல்லலை, நான் கேட்டதுக்கப்புறம்தான் சொன்னாங்க. அதனால பேக்கேஜ் பேசறப்ப “ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை ராத்திரி?”ன்னு தெளிவாக் கேளுங்க. கூடவே, மேல ஒரு நாள் இருக்க வேண்டி வந்தா வாடகை என்ன, அது மருத்துவக் காரணத்துக்காகன்னா யாரு தலையில விழும்னு எழுதி வாங்கிக்கோங்க. ஸ்டேப்ளருக்கு எத்தனை காட்ரிட்ஜ் கணக்குல சேர்த்தியிருக்காங்கன்னும் கேளுங்க. இரைப்பையை வெட்டிக்கிட்டே தைக்கிறது அதுதான், பில்லுல அதுக்குத்தான் பெரிய பங்கு. எனக்கு எல்லாம் சேர்ந்து மூணரை லட்சத்துக்குள்ள முடிஞ்சுது, பெரும்பகுதி இன்சூரன்ஸ்ல.

இன்சூரன்ஸ் கெடைக்குமான்னு நெறையப் பேரு கேட்கறாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ ஆணையத்தோட விதிப்படி 18 வயசு ஆகியிருக்கோணும், பிஎம்ஐ 40 அல்லது அதுக்கு மேல இருக்கோணும். 35 அல்லது அதுக்கு மேலன்னா கூடவே கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இருதயக் கோளாறு இப்படி ஏதாவது இருக்கோணும். டாக்டர் எழுதித் தரோணும், மத்த வழியெல்லாம் பார்த்துப் பலிக்கலைன்னும் இருக்கோணும். காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும், உங்க பாலிசியைப் படிச்சுக்கோங்க. ரூம் வாடகைக்கு உச்சவரம்பு இருந்தா அதைத் தாண்டி ரூம் எடுக்காதீங்க. வாடகை வித்தியாசம் மட்டுமில்லை, டாக்டர் பீஸ் மொதக்கொண்டு அதே விகிதத்துல வெட்டிருவாங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கல்லீரலைச் சுருக்கறதுக்குன்னு ஒரு பத்தியம் குடுத்தாங்க. அதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை, பசிச்சுது.

இப்ப ஆஸ்பத்திரிக்கு வாரேன். ஆபரேஷன் காலையில. முழிப்பு வந்தப்ப வயித்தை விட வலது தோள்தான் வலிச்சுது. ஊசி போட்ட எடம் மாறிப்போச்சான்னு பயந்துட்டேன். வயித்துக்குள்ள கேஸ் அடைச்சு ஊதவெச்சுத்தான் ஆபரேஷன் பண்றாங்களாம், மிச்சம் நிக்கற கேஸ் உதரவிதானத்தை உறுத்தறப்ப வலி தோள்ல தெரியுமாம். நடந்தா கரையும்னாங்க. நெசமாவே நடந்ததுக்கப்புறம்தான் விட்டுது.

அந்த நடைக்காகவே நர்ஸுகளுக்கு அஞ்சுக்கு அஞ்சு. சாயங்காலமே கட்டில்ல இருந்து எறக்கிட்டாங்க. சேலத்துப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, என்ற தோளு அளவுகூட இருக்காது, “நான் புடிச்சுக்கறேன், வாங்கம்மா”ன்னு இடுப்புல கை கொடுத்து வராந்தாவைச் சுத்திக் கூட்டிட்டுப் போச்சு. கால்ல இறுக்கமான சாக்ஸ், படுத்திருக்கறப்ப கெண்டைக்காலை மாத்தி மாத்தி அமுக்கற காத்துப்பை, வயித்துத் தோல்ல ரத்தம் உறையாம இருக்க ஒரு ஊசி. மூணு பந்து இருக்கற ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் குடுத்து மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கச் சொல்றாங்க. என்ற சிபாப் மெஷினை வூட்டுல இருந்தே எடுத்துட்டு வரச்சொன்னது ரொம்ப நல்ல காரியம். ஆபரேஷன் ஆன அன்னைக்கு ராத்திரி வார்டுல விடலை. தீவிர கவனிப்புல மானிட்டர் மாட்டி வெச்சிருந்தாங்க, மூச்சுத்திணறல் இருக்கறவங்களுக்கு அப்படித்தானாம்.

குமட்டல் மட்டும் அன்னைக்கு ராத்திரி முழுக்க வாட்டுச்சு. ஊசி போட்டாங்க, வெடியால சரியாச்சு.

மறுநாள்தான் நெசமான பரீட்சை, தண்ணி குடிக்கறது. மருந்து ஊத்தற சின்னக் கப்புல 30 மில்லி. அதைக் காமணி நேரம் வெச்சு ஒவ்வொரு மிடறா உறிஞ்சோணும். மணிக்கு நாலு கப்புன்னா 120 மில்லி, முழிச்சிருக்கற நேரம் பூராவும் குடிச்சாத்தான் ஒண்ணரை லிட்டரை நெருங்க முடியும். ஸ்ட்ரா கூடாது, காத்து உள்ள போயிடும். குடிக்கறதைக் கணக்கெழுத ஒரு நோட்டு. கொப்பரை எடை போட்டு எழுதறதை விட இது சிரமமுங்க, சாயங்காலத்துக்கு மேல கப்பைப் பார்த்தாலே எரிச்சல் வந்துது. ஆனா வூட்டுக்கு விடறாங்களா இல்லையாங்கறது இந்த நோட்டைப் பார்த்துத்தான்.

அதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தேன். நாளை எண்ணி யாரையும் அனுப்பறதில்லை. நாடித்துடிப்பு நூறுக்குக் கீழ நிலையா இருக்குதா, காய்ச்சல் இல்லையா, தண்ணி தேவையான அளவு எறங்குதா, வலி ஊசி இல்லாம சிரப்புலயே அடங்குதா, தானா எந்திரிச்சு நடக்கறீங்களா, ஒண்ணுக்குத் தாராளமாப் போகுதா, சர்க்கரை கட்டுல இருக்குதா. இதெல்லாம் சரின்னா அனுப்பறாங்க. என்ற பக்கத்து ரூம்ல ஒரு அம்மா, திருச்செங்கோட்டுக்காரங்க, எனக்கு முந்தின நாள் ஆபரேஷன் ஆனவங்க. தண்ணி எறங்காம வாந்தி நிக்கலை, நான் கெளம்பறப்பவும் அவங்க அங்கயேதான் இருந்தாங்க. மூணு ராத்திரி ஆச்சுன்னு அவங்களைத் தள்ளி உடலை. அது எனக்குப் புடிச்சுது.

எனக்கு எல்லாம் சரியா இருந்தும் பயம் போகலை. ரவுண்ட்ஸ் வந்த டூட்டி டாக்டர்கிட்ட, “தம்பி, காசு கட்டிடறேன், இன்னும் ரெண்டு நாள் வெச்சுக்கோங்க”ன்னு கேட்டனுங்க. சின்ன வயசுதான், ஆனா உக்காந்து பேசுனார். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன். ரத்தக்கசிவுங்கறது பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும், அதைக் கண்காணிக்கத்தான் இந்த ராத்திரிக. தையல் எடத்துல லீக் ஆகறது அபூர்வம், ஆனா ஆச்சுன்னா பல பேருக்கு வூட்டுக்குப் போனதுக்கப்புறம், முதல் வாரம் ரெண்டாம் வாரத்துல, சில பேருக்கு அதுக்கும் பின்னாடிதான் தெரியும். கால்ல ரத்தக்கட்டியும் அப்படித்தான், ஒரு மாசம் வரைக்கும் கவனமா இருக்கோணும். “இன்னும் ரெண்டு நாள் வெச்சிருந்தா அந்த ரெண்டு நாளைக்கு மட்டும்தாம்மா காவல். அடுத்த வாரத்துக்கு என்ன பண்ணுவீங்க? அறிகுறி தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, பக்கத்துல இருங்க”ன்னாரு.

அந்த அறிகுறிகளைத் தமிழ்ல ஒரு அட்டையில அடிச்சுக் குடுத்தாங்க. சும்மா உக்காந்திருக்கறப்பவே நாடி 120-க்கு மேல போய் எறங்காம நின்னா, காய்ச்சல் வந்தா, வயித்து வலி கொறையறதுக்குப் பதிலா ஏறுனா, இடது தோள்ல புதுசா வலி வந்தா, மூச்சு வாங்குனா, ஒரு கால் மட்டும் வீங்குனா, தண்ணி கூடத் தங்காம வாந்தி எடுத்தா உடனே வாங்க, ராத்திரின்னு பார்க்காதீங்கன்னு. விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் கொரோனா சமயத்துல வாங்குனது வூட்டுல கெடந்துது, நாடி பார்க்க அதுவே போதும்னுட்டாங்க. இந்த ஆஸ்பத்திரியில உருப்படியான பொருள் எதுன்னு கேட்டா அந்த அட்டையைத்தான் சொல்லுவேன்.

ஆனா அட்டைக்குக் கீழ போட்டிருந்த நம்பரு ரிசப்ஷன் நம்பரு. வூட்டுக்கு வந்த பின்னாடி ஒரு நாள் ராத்திரி சர்க்கரை 78-க்கு எறங்கித் தலை சுத்துச்சுன்னு கூப்பிட்டோம். ரிசப்ஷன்ல இருந்து அவசரப் பிரிவு, அங்கிருந்து வார்டு, வார்டுல இருந்து மறுபடி ரிசப்ஷன். பாட்டு மட்டும் ஓடிட்டே இருந்துச்சு. கடைசியில வார்டு சிஸ்டர்தான் டாக்டர்கிட்டக் கேட்டு வழி சொன்னாங்க. லட்சக்கணக்குல வாங்கறவங்க முதல் ஒரு மாசத்துக்காவது நேரடியா ஒரு ஆள் எடுக்கற மாதிரி நம்பர் குடுக்கோணுமுங்க. சர்க்கரைக்காரங்க இன்னொண்ணும் கவனிங்க. இந்த ஆபரேஷனுக்கப்புறம் சர்க்கரை மளமளன்னு எறங்கும், பழைய அளவுக்கே மாத்திரை போட்டா ஆபத்து. எந்த மாத்திரையை நிறுத்தோணும், எதைக் கொறைக்கோணும்னு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வாங்காமக் கெளம்பாதீங்க.

ஒறம்பரைப் பிரச்சினைக்கு வாரேன். நம்ம பக்கத்துல ஆஸ்பத்திரியில படுத்தா வந்து பார்க்காட்டி குத்தம். ஆபரேஷன் ஆன மறுநாளே வெள்ளக்கோவில்ல இருந்தும் சென்னிமலையில இருந்தும் வண்டி கட்டிட்டு வந்துட்டாங்க. ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஒருத்தர் ஒப்புட்டே (போளி) சுட்டு எடுத்துட்டு வந்திருக்காங்க! இரைப்பையை வெட்டுனவளுக்கு ஒப்புட்டு. செக்யூரிட்டி ஒரே ஒரு பாஸ்தான்னு கீழயே நிறுத்திட்டாரு. என்ற வூட்டுக்காரருக்கு அதுல ரொம்ப வருத்தம், சீர்ல கொறை வந்த மாதிரி பேசுனாரு. எனக்கு அந்த செக்யூரிட்டியைக் கும்பிடோணும் போல இருந்துச்சு. கூட இருக்கறவங்களுக்குப் போட்ட பெஞ்சு மட்டும் சரியில்லைங்க, மெத்தை பேருக்குத்தான். என்ற பையன் ராத்திரி தரையில போர்வை விரிச்சுப் படுத்துக்கிட்டான்.

சாப்பாட்டுச் சீட்டுக்கு ஏன் மூணுன்னா, அது நம்ம வூட்டு அடுப்பைப் பார்க்காதவங்க எழுதுன சீட்டு. கிளியர் சூப்பு, ஸ்கிம் மில்க், புரோட்டீன் பவுடர்னு இருக்குது. அதுல எழுதியிருந்த பவுடர் அவங்க மெடிக்கல்ல மட்டும் கெடைக்குமாம். அதே அளவு புரதம் இருக்கற வேற பவுடரைத் திருப்பூர்ல வெலை கம்மியா வாங்குனேன், டயட்டீஷியனே சரின்னுட்டாங்க. அந்தப் பொண்ணு ஈரோட்டுக்காரி, நல்ல பொண்ணு. சீட்டோட ஓரத்துலயே பேனாவுல எழுதிக் குடுத்துச்சு: கொள்ளுத் தண்ணியை வடிகட்டி உப்புப் போட்டுக் குடிக்கலாம், பச்சைப்பயறு வேகவெச்ச தண்ணி குடிக்கலாம், மோரு நல்லாத் தண்ணியா ஆடையெடுத்து, எங்க தோப்பு இளநீ வழுக்கை இல்லாம வடிகட்டி மிடறு மிடறா. ஹார்லிக்ஸ் வேண்டாம், சர்க்கரை. மொதல்ல தெளிஞ்ச தண்ணி, அப்புறம் ரெண்டு வாரம் தண்ணியாட்டம் இருக்கற ஆகாரம், பின்னாடி மசிச்சது, அப்புறம் குழைவானது. அரிசியும்பருப்பும் நல்லாக் குழைய வேகவெச்சு ரெண்டு ஸ்பூன் திங்கறதுக்கு ஒரு மாசம் ஆச்சு. நாளைக்கு 60 கிராம் புரதம் கண்டிப்பா. திங்கறப்ப தண்ணி குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் தள்ளித்தான். விட்டமின், பி12, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும். இதையெல்லாம் அச்சடிச்ச சீட்டுலயே நம்ம பாஷையில போட்டா என்னங்க?

டிஸ்சார்ஜ் கதை. காலையில ரவுண்ட்ஸ்ல “இன்னைக்குப் போகலாம்”னாரு டாக்டர். அப்பவே துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டோம். பில்லு போட மத்தியானம் ஆச்சு. அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, அவங்களுக்காகக் கிளைம் பார்க்கற டிபிஏ ஏஜென்சி ஒரு கேள்வி கேட்டு, அதுக்கு இவங்க பதில் அனுப்பிச்சு, பொழுது எறங்கிருச்சு. இதுல கவுண்டர்ல, “பன்னண்டு மணி தாண்டிட்டதால இன்னொரு நாள் வாடகை”ன்னு ஒரு வரி சேர்த்திட்டாங்க. நானு உக்கார முடியாம வராந்தாவுல நடந்துட்டு இருக்கேன், இவங்க பேப்பர் தாமதத்துக்கு நானு வாடகை கட்டோணுமாம்! பையன் விடலை. 2024 மே மாசம் ஐஆர்டிஏஐ போட்ட சுற்றறிக்கையைப் போன்ல எடுத்துக் காட்டுனான். டிஸ்சார்ஜுக்கு ஆஸ்பத்திரி கேட்ட மூணு மணி நேரத்துக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி குடுக்கோணும், அதுக்கு மேல தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலா வசூல் பண்ணுனா அந்தத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனிதான் ஏத்துக்கோணும், நோயாளி இல்லை. மேனேஜர் வந்து படிச்சுப் பார்த்துட்டு அந்த வரியை அடிச்சுட்டாரு. மரியாதையாத்தான் அடிச்சாரு, ஆனா கேட்காதவங்க எத்தனை பேரு கட்டிட்டுப் போயிருப்பாங்க? கிளவுஸ், டயப்பர், அட்மிஷன் கிட்டுன்னு இன்சூரன்ஸ் தராத சில்லறை தனியாக் கைக்காசு.

வூட்டுக்கு நேரா வரலைங்க. கோயம்புத்தூர்ல இருந்து திருச்சி ரோட்டுல சூலூர், பல்லடம் தாண்டிக் காங்கேயம் வர 70 கிலோமீட்டர் பக்கம் ஆகும். ராத்திரியில ஏதாவதுன்னா ஆபரேஷன் பண்ணுன எடத்துக்கே திரும்பிப் போக நேரமாகும். சிங்காநல்லூர்ல என்ற தங்கச்சி வூடு இருக்குது, அங்கயே இருந்துட்டு, முதல் செக்கப்பு முடிஞ்சதுக்கப்புறம்தான் ஊருக்கு வந்தேன். எனக்கென்னமோ இதுதான் சரியான கணக்குன்னு படுது. தேவையில்லாம ஆஸ்பத்திரியில ரெண்டு ராத்திரிக்குக் கட்டற காசை விட, ஆஸ்பத்திரிக்கு அரை மணி தூரத்துல ஒரு எடத்துல ஒரு வாரம் இருக்கறது மேல். தங்கச்சி இல்லாதவங்க ஒரு லாட்ஜ் ரூம் எடுத்தாலும் வாடகை ஆஸ்பத்திரி ரூம்ல பாதி கூட வராது. கோயம்புத்தூர்லயே இருக்கறவங்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, ரெண்டாம் நாள் போலாம்னா போங்க. பைபாஸ் பண்றவங்க, ஏற்கனவே ஒரு தடவை பண்ணி ரெண்டாவதா பண்றவங்க, இருதயச் சீக்கு இருக்கறவங்க, எடை ரொம்ப எச்சா இருக்கறவங்க டாக்டர் எச்சா நாள் இருக்கச் சொன்னா மல்லுக்கட்டாதீங்க. காருல ஊருக்கு வர்றப்ப பல்லடத்துல வண்டியை நிறுத்தி எறங்கிச் சித்த நேரம் நடக்கச் சொல்லியிருந்தாங்க, ரத்தம் கட்டாம இருக்க. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துட்டு டீயா காப்பியான்னாரு. ரெண்டும் வேண்டாமுங்கன்னு வெந்நி வாங்கி அரை டம்ளர் குடிக்கறதுக்குள்ள என்ற வூட்டுக்காரர் ரெண்டு வடையை முடிச்சுட்டாரு.

இப்ப 91 கிலோ. சர்க்கரை மாத்திரை ஒண்ணுதான் மிச்சம். வேகமா எடை எறங்கறப்ப பித்தப்பையில கல்லு சேருமாம், அதுக்கொரு மாத்திரை ஆறு மாசத்துக்குக் குடுத்திருக்காங்க. முடி கொட்டுது, திரும்ப மொளைக்கும்னு சொல்றாங்க.

இந்த ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சில்லறை விஷயம். ரெண்டு பேரு படுக்கற ரூமே போதும், அதுதான் எனக்கு இன்சூரன்ஸ் வரம்புக்குள்ள வந்துது, பேச்சுத்துணையும் ஆச்சு. ரோட்டைப் பார்த்த பக்கம் குடுத்தா மாத்திக் கேளுங்க, ராத்திரி முழுக்க ஹார்ன் சத்தம். முன்னாடி திறக்கற நைட்டி ரெண்டு எடுத்துட்டுப் போங்க, அவங்க குடுக்கற அங்கி நம்ம அளவுக்குப் பத்தாது. எடைக்குறைப்புக்குன்னே வார்டு நடத்தறவங்க அதையாவது பெருசாத் தைக்கலாம்.